வெயிலில் கிடக்கும் டீசலும் விலை மலிந்த தார் எண்ணெயும்: தொட்டிக்குள் கெடுவது எது?

ராணிப்பேட்டை பராமரிப்பு:

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் பாய்லரும் ஜெனரேட்டரும் என் பொறுப்பில் இருக்கின்றன. எனக்கு இரண்டு சந்தேகங்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்று தோன்றுவதால் ஒரே இழையில் கேட்கிறேன்.

எங்கள் ஜெனரேட்டருக்கான 1,000 லிட்டர் இரும்புத் தொட்டி, கொட்டகைக்கு வெளியே திறந்த வெயிலில் நிற்கிறது. சென்ற ஆண்டு மாசி மாதத்தில் நிரப்பினோம். மின்தடை குறைந்துவிட்டதால் பாதிக்கு மேல் செலவாகவில்லை. இந்த வைகாசியில் ஒரு நாள் மின்சாரம் நின்றபோது ஜெனரேட்டர் இருபது நிமிடம் ஓடி, திணறி, நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் காகித மடிப்புகளுக்குள் கருஞ்சிவப்பில் வார்னிஷ் பூசியதைப் போன்ற படலம். கிண்ணத்தின் அடியில் கொழகொழவென்று ஏதோ. வாங்கியபோது வைக்கோல் நிறத்தில் இருந்த டீசல், இப்போது கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால் கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இருக்கிறது. விற்றவரைக் கேட்டேன். 'வாங்கும்போது நன்றாகத்தானே இருந்தது' என்றார். அதை என்னால் மறுக்க முடியவில்லை.

இரண்டாவது, பாய்லரைப் பற்றியது. இப்போது ஃபர்னஸ் ஆயில் எரிக்கிறோம். வியாபாரி ஒருவர் 'நிலக்கரி எண்ணெய்' என்று ஒன்றைக் கிலோவுக்குக் கணிசமாகக் குறைந்த விலையில் தருவதாகச் சொல்கிறார். நிலக்கரியிலிருந்து டீசலே எடுக்கும்போது பாய்லருக்கு இது ஆகாதா என்பது முதலாளியின் கேள்வி. வியாபாரி கொடுத்த சான்றிதழில் அடர்த்தி, தீப்பற்று வெப்பநிலை, வெப்ப மதிப்பு ஆகிய மூன்று எண்கள் மட்டுமே உள்ளன. இவற்றை நம்பி வாங்கலாமா?

காட்பாடி டீசல் பட்டறை:

அண்ணா, நீங்கள் பார்த்தவை இரண்டு வேறு பொருள்கள். கொழகொழப்பு, அடியில் தேங்கிய நீருக்கும் டீசலுக்கும் இடையே வளரும் பூஞ்சை, பாக்டீரியா ஆகியவற்றின் வேலை. நீரை வடித்தால் அதன் வாழ்விடமே போய்விடும். மடிப்புகளில் ஒட்டிய வார்னிஷ் வேறு. அது டீசலே மாறி உண்டானது. ஒரு துணியில் அசிட்டோனைத் தொட்டு இரண்டையும் துடைத்துப் பாருங்கள். வார்னிஷ் கரைந்து பழுப்பாக இறங்கும், பூஞ்சைச் சவ்வு நூல்நூலாகத் துணியிலேயே நிற்கும்.

ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டியிலிருந்து இன்ஜினுக்கு வரும் குழாய் செம்பா?

ராணிப்பேட்டை பராமரிப்பு:

ஆமாம் தம்பி. குழாய் செம்பு, வால்வு பித்தளை. துடைத்தும் பார்த்தேன்; நீங்கள் சொன்னபடியே இரண்டும் இரண்டு விதமாகத்தான் நடந்துகொண்டன.

ஆற்காடு வேதியியலர்:

எரிபொருள் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சற்று நீளமாக எழுதுகிறேன்.

விற்றவர் சொன்னது உண்மை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அடர்த்தி, தீப்பற்று வெப்பநிலை, கந்தகம் ஆகியவை எண்ணெய் இன்று எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும் அளவுகள். அது நாளை எப்படி இருக்கும் என்பதை நிலைத்தன்மைச் சோதனை ஒன்றுதான் சொல்லும். டீசலுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனை இதுதான்: வடிகட்டிய 350 மில்லிலிட்டர் டீசலை 95 டிகிரி செல்சியஸில் 16 மணி நேரம் வைத்து, மணிக்கு 3 லிட்டர் வீதம் ஆக்சிஜனை அதனுள் குமிழவிட்டு, பிறகு குளிரச்செய்து வடிகட்டி, தாளில் நின்ற கசடையும் கண்ணாடிச் சுவரில் ஒட்டிய பிசினையும் எடை போடுவார்கள். சுவரில் ஒட்டியதைக் கரைக்க டொலுயீன், அசிட்டோன், மெத்தனால் மூன்றும் சேர்ந்த கலவை தேவைப்படும். உங்கள் ஃபில்டர் மடிப்பில் இருந்ததும் அதே பிசின்தான். இரண்டும் சேர்ந்து கன மீட்டருக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தரக்கட்டுப்பாடு.

அந்தப் பிசின் எப்படி வருகிறது? காற்றிலுள்ள ஆக்சிஜன், எளிதில் ஹைட்ரஜனை இழக்கக்கூடிய மூலக்கூறுகளைப் பற்றி ஹைட்ரோபெராக்சைடாக மாற்றுகிறது. அது உடைந்து பிறக்கும் தனி உறுப்புகள் (இணையில்லா எலக்ட்ரானோடு, எதையும் பற்றத் துடிக்கும் மூலக்கூற்றுத் துண்டுகள்) அடுத்த மூலக்கூற்றைப் பற்றுகின்றன. இரட்டைப் பிணைப்புள்ள ஒலிஃபீன்களும், இண்டோல், பிர்ரோல் போன்ற நைட்ரஜன் வளையங்களும் இருந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கரைய முடியாத அளவுக்குப் பெருத்து, நிறத்தைக் கூட்டி, இறுதியில் கசடாக இறங்குகின்றன. செம்பு இந்த பெராக்சைடுகளை உடைப்பதில் மிகச் சிறந்த வினையூக்கி; மிகச் சிறிய அளவு கரைந்தாலே போதும். பட்டறைத் தம்பி குழாயைப் பற்றிக் கேட்டது அனுபவம் பேசியது. துத்தநாகம் பூசிய குழாயும் டீசலுக்கு ஆகாது. இரும்போ எஃகோ போதுமானது.

இனி நம் ஊர் வெயிலுக்கு வருகிறேன். 16 மணி நேரச் சோதனை அவசரத்துக்கு உதவும். நடப்போடு நெருங்கி ஒத்துப்போவது 43 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்திருக்கும் மெதுவான சோதனை. அதில் ஒரு வாரம் என்பது, 21 டிகிரியில் இருக்கும் ஒரு கிடங்கில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குச் சமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த 43 டிகிரி, குளிர்நாட்டுக்காரர்களுக்கு விரைவுபடுத்திய வெப்பநிலை. நமக்கோ கத்திரி வெயிலில் நிழலிலேயே சில நாள்கள் எட்டிப்பார்க்கும் வெப்பநிலை. உங்கள் தொட்டி நிழலிலும் இல்லை. பதினைந்து மாதமாக நீங்கள் அறியாமலே ஒரு முதுமைச் சோதனையை நடத்தியிருக்கிறீர்கள்.

காட்பாடி மாணவன்:

ஐயா, மன்னிக்கவும், ஒரு மறுப்பு. நண்பகலில் 43 டிகிரி வருவதாலேயே நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் அப்படி என்று கொள்ள முடியாது. மார்கழி இரவில் இங்கே போர்வை இல்லாமல் தூங்க முடிவதில்லை. சராசரியைத்தானே கணக்கிட வேண்டும்?

ஆற்காடு வேதியியலர்:

நல்ல மறுப்பு, தம்பி. ஆண்டுச் சராசரியை 28 டிகிரி என்று கொள்வோம். பத்து டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் இரட்டிப்பாகும் என்ற தோராய விதியைப் போட்டால், 21 டிகிரிக் கிடங்கைவிட நம் நிழல் கிடங்கில் எண்ணெய் சுமார் 1.6 மடங்கு வேகமாக முதிரும். அங்கே 12 மாதம் தாங்குவது இங்கே ஏழெட்டு மாதம்தான் தாங்கும். இது நிழலுக்கான கணக்கு. வெயிலில் நிற்கும் இரும்புத் தொட்டியின் மேற்பரப்பு காற்றைவிட எவ்வளவு சூடாகும் என்பதைக் கையை வைத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், வேகம் நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஆதலால் மே மாதப் பகல்கள் சேர்க்கும் முதுமையை மார்கழி இரவுகள் ஈடுகட்டிவிடுவதில்லை. சராசரி வெப்பநிலை எப்போதும் சேதத்தைக் குறைத்தே காட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரைத் தொட்டி காலியாக இருந்தால் உள்ளே 500 லிட்டர் காற்று இருக்கும். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வேறுபட்டால் அந்தக் காற்று இருபதில் ஒரு பங்கு விரிந்து சுருங்கும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 25 லிட்டர் பழைய காற்று வெளியேறி, ஈரமும் புது ஆக்சிஜனும் நிறைந்த காற்று உள்ளே வருகிறது. தொட்டி மூச்சு விடுகிறது என்று எங்கள் ஆய்வகத்தில் சொல்வோம். பட்டறைத் தம்பி சொன்ன பூஞ்சைக்கு நீர் வரும் வழியும் அதுதான்.

ராணிப்பேட்டை பராமரிப்பு:

அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மருந்தை இப்போது கலந்தால் மீளுமா ஐயா?

ஆற்காடு வேதியியலர்:

மீளாது. புது டீசலில் கலந்தால் முதுமையைத் தள்ளிப்போடும். பெருத்துவிட்ட பிசினை அது கரைக்காது. உங்களுக்குப் புரியும்படி தோல் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு: ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும் என்பதால், கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முறை போட்டு எடுப்பது நம் பகுதியின் பழைய வழக்கம். சிவப்பதற்கு முன் போட்டால்தான் கடுக்காய் காக்கும். சிவந்த தோலைக் கடுக்காயில் ஊறவைத்து வெளுக்கவைத்தவர் எவருமில்லை.

வாணியம்பாடி பாய்லர்:

ஆவாரம்பட்டைச் சாறு கறுப்பதும் சிவப்பதும் அதிலுள்ள பீனால் வகைகளால்தான் (கார்பன் வளையம் கொண்ட ஒரு சேர்மக் குடும்பம்) என்று எங்கள் பதனிடும் மேற்பார்வையாளர் சொல்வார். 'நிலக்கரி எண்ணெய்' என்ற பெயரில் வருவதில் பீனால் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் இதே போன்ற ஒரு சரக்கை, தொட்டியில் பாதி இருந்த ஃபர்னஸ் ஆயிலின் மேலேயே இறக்கினார்கள். மூன்றாம் நாள் வடிகட்டி, ஐந்தாம் நாள் பர்னர் முனை, அதன் பிறகு சூடேற்றும் சுருள் என்று ஒவ்வொன்றாக அடைத்தன. தொட்டியைத் திறந்தபோது அடியில் தார்ச் சாலைக்குப் போடும் கலவையைப் போல ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தது. அதை மண்வெட்டியால் வெட்டி எடுத்த நான்கு பேரில் நானும் ஒருவன். முழங்கைவரை பட்ட இடமெல்லாம் வெயிலில் நின்றால் எரிந்தது; அந்த எரிச்சல் போக ஒரு வாரம் ஆனது.

காட்பாடி மாணவன்:

ஆனால் நிலக்கரியிலிருந்து வருவதெல்லாம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. தென்னாப்பிரிக்காவில் சாசோல் நிறுவனம் 1955 முதல் நிலக்கரியிலிருந்து எரிபொருள் தயாரித்து வருகிறது. அந்த வழியில் வரும் டீசலின் சீட்டேன் எண் (இன்ஜினில் எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதன் அளவு) 70-க்கும் மேல் என்றும், கந்தகம் அனேகமாக இல்லை என்றும் படித்தேன். முதலாளி சொல்வதில் நியாயம் இருக்கிறதே?

ஆற்காடு வேதியியலர்:

இருக்கிறது. ஆனால் முதலாளி சொல்லும் நிலக்கரி டீசலும் வியாபாரி விற்கும் நிலக்கரி எண்ணெயும் ஒரே தாய்க்குப் பிறந்து வெவ்வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே எந்த மூலக்கூறுகளை விட்டுவைத்தார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஃபிஷரும் டிராப்ஷும் 1925-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் கண்ட வழியில், நிலக்கரியை முதலில் முழுவதுமாக உடைத்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களாக்கி, தூய்மைப்படுத்தி, வினையூக்கியின் மேல் புதிதாகச் சங்கிலி கோக்கிறார்கள். நிலக்கரியின் கந்தகம், நைட்ரஜன், பீனால் எதுவும் அந்தச் சங்கிலிக்குள் நுழைவதில்லை. அங்கேயும் வினைகலத்திலிருந்து நேரே வருவதில் ஒலிஃபீன்கள் இருக்கும். ஹைட்ரஜனேற்றம் செய்த பிறகே அது நிலைத்த எரிபொருளாகிறது. அளவுக்கு மீறித் தூய்மையாக இருப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. பென்சீன் போன்ற வளையமுள்ள அரோமாட்டிக் சேர்மங்களே இல்லாவிட்டால் ரப்பர் அடைப்புகள் சுருங்கிக் கசியும். ஆகவேதான் செயற்கை விமான எரிபொருளைக் கலக்கும்போது குறைந்தது 8 சதவீதம் அரோமாட்டிக் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மன் வேதியியலர் பெர்கியஸ் 1913-இல் காப்புரிமை பெற்ற வழி வேறு. நிலக்கரியின் மேலேயே உயரழுத்த ஹைட்ரஜனைச் செலுத்தி உருக்குவது அது. ஜெர்மனியின் லியூனாவில் 1927-இல் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு தொடங்கினார்கள். 1931-இல் பெர்கியஸுக்கும், உயரழுத்த வேதிமுறைகளில் உழைத்த போஷுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நிலக்கரியில் 100 கார்பனுக்கு 80 ஹைட்ரஜன் அணு என்றால், டீசலில் 180-க்கும் மேல். அந்த இடைவெளியை எவ்வளவு நிரப்புகிறார்களோ அவ்வளவு நிலைத்தன்மை வரும். அரைகுறையாக நிரப்பியதில் வளையங்களும் பீனால்களும் நைட்ரஜன் காரங்களும் மிஞ்சும். காற்றுப் பட்டால் பாகுத்தன்மை மாதத்துக்கு மாதம் ஏறும்.

மூன்றாவது, எந்த ஹைட்ரஜனும் சேர்க்காமல் வெறுமனே காற்றில்லாச் சூளையில் நிலக்கரியைச் சுட்டால் வடியும் தார். நம் வீடுகளில் ஒரு காலத்தில் லெக்கோ கரி எரித்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிச் சுட்டு அதைத் தயாரித்தார்கள். அதே ஆலையின் உபபொருள்கள் கார்பாலிக் அமிலமும் கிரெசாலும். அதாவது பீனால் வகைகள். அவற்றைப் பிரித்து விற்றார்கள் என்பதிலிருந்தே தாரில் அவை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கலாம். உங்களிடம் வருவது இந்த மூன்றாவது வகை என்பது என் ஊகம். இதற்கு எளிய சோதனைகள் உண்டு, கீழே எழுதுகிறேன்.

காட்பாடி மாணவன்:

அதற்கு முன் ஒரு கேள்வி ஐயா. பீனால் கெடுக்கிறது என்கிறீர்கள். எரிபொருளில் கலக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்தான பி.எச்.டி.யும் (BHT) ஒரு பீனால்தானே? ஒரே குடும்பம் எப்படிக் காவலும் காக்கும், களவும் செய்யும்?

ஆற்காடு வேதியியலர்:

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் நானும் கேட்ட கேள்வி இது. இரண்டும் முதலில் செய்வது ஒன்றே: ஓடித்திரியும் தனி உறுப்புக்குத் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை அடக்குகின்றன. கொடுத்தபின் தானும் ஒரு தனி உறுப்பாகிவிடுகின்றனவே, அதற்குப் பின் நடப்பதில்தான் வேறுபாடு. சாதாரண பீனாலும் கிரெசாலும் வளையத்தின் திறந்த பக்கங்களால் அடுத்த பீனாலோடு கோத்துக்கொண்டு, இரண்டு நான்காகி, நான்கு பிசினாகிவிடும். பி.எச்.டி.யில் அந்தப் பக்கங்களை இரண்டு பருத்த பியூட்டைல் தொகுதிகளும் ஒரு மெத்தில் தொகுதியும் மறித்துக்கொண்டு நிற்கின்றன. கோக்க இடமில்லாததால் வினை அங்கேயே ஓய்கிறது.

இனி பராமரிப்பு நண்பருக்கான சோதனைகள். சில கண்ணாடிக் கலங்களும் ஒரு அடுப்பும் போதும். காற்றோட்டமும் கையுறையும் கண் கவசமும் கட்டாயம்.

முதலில் அடர்த்தியைப் பாருங்கள். ஃபர்னஸ் ஆயில் நீரைவிட இலேசானது. கனமான தார் எண்ணெய்கள் நீரைவிடக் கனமானவை. இதை மறந்தால் ஆபத்து. அடிக்குழாயைத் திறந்து நீரை வடிக்கும் நம் பழக்கம் தார் எண்ணெயில் செல்லாது. அங்கே நீர் மேலே மிதக்கும். அது தெரியாமல் தொட்டியைச் சூடேற்றினால் நுரைத்துப் பொங்கி வெளியே வழியும். விலையிலும் இதே அடர்த்தி விளையாடுகிறது. தார் எண்ணெயின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு ஏறத்தாழ 9,000 கிலோகலோரி, ஃபர்னஸ் ஆயிலுக்கு 10,000 சொச்சம். லிட்டர் கணக்கில் இரண்டும் நெருங்கிவிடும், கிலோ கணக்கில் பத்தில் ஒரு பங்கு குறையும். வியாபாரி எதில் விலை சொல்கிறார் என்பதைக் கேட்டுவிட்டு அடுத்த பேச்சைப் பேசுங்கள்.

அடுத்து, 50 மில்லிலிட்டர் எண்ணெயை மென்சூடாக்கி, அதே அளவு டொலுயீனில் இளக்கி, பத்து சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலோடு பிரிபுனலில் குலுக்குங்கள். பீனால்கள் காரத்தோடு சேர்ந்து நீருக்குள் இறங்கிவிடும். அந்த நீரை மட்டும் பிரித்து, துளித்துளியாக அமிலம் விட்டால் அவை மறுபடியும் எண்ணெயாகத் திரண்டு வெளிவரும். மருத்துவமனைத் தரை கழுவும் கார்பாலிக் வாடை அடித்தால் வேறு சான்று வேண்டாம்.

கடைசியாக, ஒத்துப்போகுமா என்று பார்க்கும் பொட்டுச் சோதனை. புது எண்ணெயையும் உங்கள் ஃபர்னஸ் ஆயிலையும் பாதிக்குப் பாதி கலந்து, சூடாக்கிக் கலக்கி, வடிதாளில் ஒரு துளி விட்டு, 100 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வையுங்கள். பொட்டு ஓரம்வரை ஒரே நிறமாகப் பரவினால் முதல் தரம். நடுவில் கறுத்த வட்டம் தனியே தெரிந்தால் அஸ்பால்டீன்கள், அதாவது ஃபர்னஸ் ஆயிலில் உள்ள கனமான கறுப்பு மூலக்கூறுகள், கரைசலை விட்டு விலகுகின்றன என்று பொருள். வட்டம் கறுக்கக் கறுக்க ஐந்தாம் தரம்வரை போகும். வாணியம்பாடி நண்பர் மண்வெட்டியால் வெட்டியது இந்த நடுவட்டத்தைத்தான்.

வாணியம்பாடி பாய்லர்:

ஒன்றைச் சேர்க்கிறேன். தார் எண்ணெயை மட்டும் தனித் தொட்டி, தனிக் குழாய், உரிய சூட்டோடு எரிப்பவர்கள் உண்டு. பிரிட்டனில் அந்த எரிபொருள்களுக்கு 50, 100, 200, 250 என்று எண் கொடுத்து விற்றார்கள். பர்னரில் தெளிக்க எந்த ஃபாரன்ஹீட் சூடு வேண்டுமோ அதுவே அதன் எண். 200 என்றால் நம் கணக்கில் 93 டிகிரி. கலப்பதுதான் தவறு, எரிப்பதில் தவறில்லை. ஆனால் தோலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலக்கரித் தார் புற்றுநோய் உண்டாக்குவது ஐயமில்லாமல் நிறுவப்பட்ட ஒன்று.

ராணிப்பேட்டை பராமரிப்பு:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வியாபாரியின் மாதிரியை நம் ஊர்ச் சாயப்பட்டறை ஆய்வகத்தில் ஒரு நண்பரின் உதவியோடு சோதித்தோம். ஹைட்ரோமீட்டர் 1.07 காட்டியது. காஸ்டிக் நீரில் அமிலம் விட்டதும் மேலே ஒரு விரல் கனத்துக்குப் பழுப்பு எண்ணெய் திரண்டது. அறை முழுவதும் கார்பாலிக் வாடை. வடிதாளில் ரூபாய் நாணயத்தின் நடுவே மிளகை வைத்தது போலக் கறுப்பு. முதலாளியிடம் தாளைக் காட்டினேன். அவர் அடர்த்திக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கிலோ விலையில் மிச்சப்படுவது தனித் தொட்டியின் செலவுக்கே காணாது என்று மாதிரியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

ஜெனரேட்டர் தொட்டியைக் கழுவி, கொட்டகைக்குள் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வைத்து, எஃகுக் குழாய் போட்டாயிற்று. நிரப்பிய தேதியை அதன் மேல் வண்ணத்தில் எழுதியிருக்கிறேன். பழைய டீசல் சுமார் 450 லிட்டர் பீப்பாய்களில் நிற்கிறது. அதை ஃபர்னஸ் ஆயிலில் கலந்து பாய்லரில் எரிக்கலாமா?

ஆற்காடு வேதியியலர்:

எரிக்கலாம், ஆனால் நீரை வடித்து, வடிகட்டிய பிறகு. டீசலும் அஸ்பால்டீனைக் கரைசலிலிருந்து தள்ளக்கூடியது என்பதால் அதற்கும் அதே பொட்டுச் சோதனையைச் செய்யுங்கள். பாதிக்குப் பாதி, ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று மூன்று தாள்.

ராணிப்பேட்டை பராமரிப்பு:

செய்தேன். பாதிக்குப் பாதியில் நடுவட்டம் தெளிவாக விழுந்தது, ஐந்தில் ஒன்றில் மங்கலாக. பத்தில் ஒன்றில் பொட்டு ஒரே நிறம். அந்த விகிதத்தில், சூடேற்றியை இரண்டு டிகிரி குறைத்து, நேற்று முதல் எரிக்கிறோம். வடிகட்டி சுத்தமாக இருக்கிறது.